அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது?

பழைய டிரைவர்கள் ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவார்கள். தூள் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வண்டி வீடு போய்ச் சேரும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. அவசரத்துக்குச் செய்ததை வைத்தியமாக்கிக்கொண்டால் அடுத்த கோடையில் இன்ஜின் கொதிக்கும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. அதன் பழைய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உள்ளே துரு பிடிக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். சூடானதும் அதிலுள்ள கால்சியம் உப்பு சுவரில் படியும். வெப்பத்தைக் கடத்துவதில் இந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மந்தம். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் சிலிண்டரின் சூடு அதைச் சென்றடையாது.

கசிவைத் தேட அதன் தடமே போதும். நீர் ஆவியானபின் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு தங்கும். ஹோஸ் முனையில் இருந்தால் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். ஹோஸ் உப்பியிருந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது. நீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறத்தான் அந்தத் துளை; அதை அடைப்பது பம்பைக் கொல்வது. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள கோர் பிளக்குகளையும் பாருங்கள், அவை உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் ஈரமே இல்லாமல் நீர் குறைந்து, டிப்ஸ்டிக்கில் வெளிறிய நுரையும் தெரிந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல்தான்.

கசிவைச் சரிசெய்த பிறகே உள்ளிருக்கும் படிவையும் துருவையும் கழுவ வேண்டும். டாய்லெட் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது இரும்பையே தின்னும். சிட்ரிக் அமிலம் மென்மையானது. கால்சியத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு நீரில் கரைய வைக்கும். கரைசலை ஊற்றி இன்ஜினைச் சூடாக்கி, நன்றாக ஆறியபின் வடித்துவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் மிச்ச அமிலத்தை முறித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசலாம். சில இடங்களில் துருவேதான் அடைப்பாக நின்றிருக்கும். கழுவியதும் அங்கே புதிதாக ஒழுகினால் அமிலத்தைத் திட்டாதீர்கள், ஓட்டை முன்பே இருந்தது.

மறுபடி நிரப்ப, செம்பு ரேடியேட்டருக்கு ஏற்ற கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும். வடித்த பழைய கூலன்டை முற்றத்தில் விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம்; நாய்களும் குழந்தைகளும் ருசி பார்த்துவிடலாம்.