மெக்சிக்கச் சிப்பிப் பாஸ்தா

மெக்சிக்கச் சிப்பிப் பாஸ்தா என்பது பெரிய சிப்பி வடிவப் பாஸ்தாவில் காரமான பூரணம் அடைத்து ஓவனில் சமைக்கப்படும் ஐக்கிய அமெரிக்க உணவு ஆகும். பெயரில் மெக்சிக்கோ இருப்பினும் இது அந்நாட்டின் மரபுணவு அன்று. மிகுதியான சீரகம், செடார் பாலாடைக்கட்டி ஆகியன டெக்சாசில் வளர்ந்த டெக்சு-மெக்சு சமையலின் அடையாளங்கள். பாஸ்தாவோ இத்தாலிக்கு உரியது.

செய்முறை

கொத்திய மாட்டிறைச்சியை வதக்கி, மிளகாய்த்தூள், சீரகத்தூள், பூண்டு, ஒரிகானோ சேர்த்து, கிரீம் சீஸ் கலந்தால் பூரணம் ஆயத்தமாகும். சைவ உணவினர் இறைச்சிக்கு மாற்றாக வேகவைத்த கறுப்பு பீன்சைப் பயன்படுத்துவர்.

பாஸ்தாவைச் சற்று வேகாத பதத்திலேயே வடித்தெடுத்தல் வேண்டும். முழுதும் வெந்த சிப்பிகள் அடைக்கும்போது கிழியும். ஓவனில் மேலும் வெந்து குழையும். அடைத்த சிப்பிகளைச் சல்சா பரப்பிய தட்டில் அடுக்கி, விளிம்புகள் உலர்ந்து இறுகாதவாறு மூடி, 180 °செ வெப்பநிலையில் ஏறத்தாழ 30 நிமிடங்கள் வைப்பர். இறுதியில் துருவிய செடாரைத் தூவி உருகவிடுவர்.