பூனையும் தெள்ளுப்பூச்சியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலைச் சூழ்ந்த வீதிகளில், திண்ணையும் கூடமும் முற்றமும் உடைய பழைய வீடுகள் சில இன்றும் உள்ளன. அத்தகைய வீட்டுத் திண்ணையில் பூனை ஒன்று கண்மூடிக் கிடப்பது நாம் காணும் காட்சியே. அவ்வூரில் வாழ்ந்த வைணவப் பெரியோர், இறைவன் உயிர்களைக் காக்கும் முறையை விளக்க இரண்டு உவமைகளை எடுத்தாண்டனர். குரங்குக்குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ தான் ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனையே அதனை வாயால் கவ்விச் செல்லும். முன்னதை மர்க்கட நியாயம் என்றும், பின்னதை மார்ச்சார நியாயம் என்றும் கூறுவர்.

இவ்வாறு உயர்ந்த பொருளுக்கு உவமையாகிய பூனை, சில இல்லங்களில் ஒரு சிறு பூச்சியின் பொருட்டு வெறுக்கப்படுகிறது. அப்பூச்சியே தெள்ளுப்பூச்சி. அது கணுக்காலில் சுருக்கென்று கடிக்கும்; கடித்த இடம் சிவந்து தடித்து அரிக்கும். உடனே வீட்டாருள் சிலர், பூனையைக் கோணிப்பையில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவர முனைகின்றனர். வேறு சிலர், கையில் அகப்பட்ட பூச்சிமருந்தை அதன்மேல் கொட்டுகின்றனர். முதற்செயலால் பூச்சி ஒழிவதில்லை. இரண்டாம் செயலால் பூனையே இறந்துபடலாம். இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், அப்பூச்சியின் வாழ்க்கையை முதலில் அறிதல் வேண்டும்.

தெள்ளுப்பூச்சிக்குச் சிறகு இல்லை. அதன் நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டரே. ஆயினும், தன் உடல் நீளத்தைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு தொலைவு அது தாவ வல்லது. அதன் உடலில் ரெசிலின் என்னும் மீள்தன்மை மிக்க பொருள் உண்டு. இழுத்துவிட்ட வில்லைப் போல அது விரிந்து, பூச்சியை மேலே எறிகிறது.

வளர்ந்த பூச்சி பூனையின் உடலிலேயே தங்கி, குருதியைக் குடித்து வாழும். பெண்பூச்சி நாள்தோறும் பல முட்டைகளை இடும். முட்டைகள் பூனையின் மயிரில் ஒட்டி நிற்பதில்லை. பூனை நடக்கும் இடங்களிலும் உறங்கும் இடங்களிலும் அவை உதிர்ந்து விழும். அவற்றினின்று வெளிவரும் புழுக்கள் ஒளியை வெறுத்து, கோரைப்பாயின் அடியிலும், தரையின் வெடிப்புகளிலும், மெத்தையின் மடிப்புகளிலும் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த பூச்சிகளின் கழிவாகிய உலர்ந்த குருதியே அவற்றின் உணவு. பின்னர் அவை கூடு கட்டிக் கூட்டுப்புழு ஆகும். கூட்டினுள் இருக்கும் பூச்சி வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கிலும் காத்திருக்கும். காலடியின் அதிர்ச்சியும், உடலின் வெம்மையும், மூச்சுக் காற்றும் தன்னை எட்டியவுடன் அது வெளியே பாயும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே சென்றவுடன் தெள்ளுப்பூச்சிகள் காலில் ஏறுவது இதனாலேயே ஆகும்.

ஆகவே, பூனையின் மீது நாம் காணும் பூச்சிகள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி வீட்டின் தரையில்தான் உள்ளது. பூனையைத் துரத்திவிட்டால், தரையிலிருந்து எழும் பூச்சிகள் தமக்குரிய விலங்கைக் காணாது மனிதரைக் கடிக்கும். துரத்தப்பட்ட பூனையோ, அறியாத இடத்தில் உணவின்றி வாடும்.

இனி, நஞ்சிடுதலின் தீமையைக் காண்போம். பூனை தன் மேனியை நாவினால் நக்கித் தூய்மை செய்யும் இயல்புடையது. ஆதலின், அதன் மேனியில் தடவியது எதுவாயினும் அதன் வயிற்றுக்குள் செல்லும். மேலும், மனிதரின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் எளிதில் மாற்றி வெளியேற்றும் சில பொருள்களைப் பூனையின் கல்லீரல் அவ்வாறு வெளியேற்ற இயலாது. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூவிலிருந்து பைரித்திரம் என்னும் பூச்சிக்கொல்லி கிடைக்கிறது. அதனைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கப்பட்டது பெர்மெத்ரின். நாய்களுக்கென்று விற்கப்படும் சில மருந்துகளில் இது செறிந்துள்ளது. நாய்க்கு நன்மை செய்யும் அம்மருந்தைப் பூனைக்கு இட்டால், அதற்கு உடல் நடுக்கமும் வலிப்பும் தோன்றும், உயிரும் போகலாம். அந்துருண்டை, கற்பூரம், பினாயில், மண்ணெண்ணெய், நீலகிரித் தைலம் ஆகியவையும் பூனைக்கு ஆகா. செடியிலிருந்து கிடைத்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலில் பூச்சி உண்டா என்று தெளிதல் வேண்டும். பூனையின் மயிரைப் பேன்சீப்பினால் வாருங்கள். சீப்பில் வரும் கரும்பொடியை நனைந்த வெள்ளைத்துணியில் வையுங்கள். பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவே. சீப்பில் அகப்படும் பூச்சிகளைச் சோப்பு கரைத்த நீரில் அமிழ்த்துங்கள். வெறும் நீரில் அவை மிதந்து தப்பும். சோப்பு நீரில் மூழ்கி இறக்கும். மிக இளங்குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஏலா. சீப்பே அவற்றுக்குச் சிறந்த துணை. பூச்சிகள் மிகுந்தால் குருதி குன்றிக் குட்டிகள் இறப்பதும் உண்டு. ஆதலின் அவற்றை நாள்தோறும் வாருதல் நன்று.

இரண்டாவது, வீட்டைத் தூய்மை செய்தல். பூனை படுக்கும் துணிகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து உலர்த்துக. பாய்களையும் மெத்தைகளையும் உதறி வெயிலில் இடுக. தெள்ளுப்புழு வாழ ஈரக்காற்று வேண்டும். வறண்ட வெப்பத்தில் அது மடியும். திருச்சிராப்பள்ளியின் கோடை வெயில் இதற்குப் பெருந்துணையாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், இரு ஆறுகளின் ஈரமும் சேர்ந்த வீடுகளில் விழிப்பு மிகுதியாக வேண்டும். மூலை முடுக்குகளை நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, மருந்து. பூனைக்கென்றே செய்யப்பட்ட மருந்துகள் உள்ளன. கால்நடை மருத்துவரிடம் பூனையைக் காட்டி, அதன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவைக் கேட்டறிக. அத்தகைய மருந்துகள் சிலவற்றைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் இடுவர். தவறான மருந்து பட்டுவிட்டால், காலம் தாழ்த்தாது மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, மருந்துச் சீசாவுடன் பூனையை மருத்துவரிடம் எடுத்துச் செல்க. கூட்டினுள் காத்திருக்கும் பூச்சிகள் பின்னும் வெளிவரும். ஆதலின் ஒருமுறை செய்து ஓயாது, மூன்று மாதமேனும் இவற்றைத் தொடர்தல் வேண்டும்.

இம்முயற்சி மனிதர்க்கும் நலம் தருவது. பூனை தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அரிதாகக் குழந்தைகளுக்கும் அவ்வாறு நேர்வது உண்டு. 1896-இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் எவ்வாறு பரவிற்று என்பது முதலில் விளங்கவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதை, 1898-இல் கராச்சியில் பால் லூயி சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் சோதனையால் கண்டார். எலியைப் பிடிக்கும் பூனையை நம் முன்னோர் வீட்டில் பேணியதில் பொருள் உண்டு. அப்பூனையையும் பூச்சியின்றிப் பேணுதல் நம் கடன்.

மாணவர்களே! தாயின் வாயில் தொங்கும் பூனைக்குட்டி, தன்னை முழுதும் தாயிடம் ஒப்படைத்திருக்கிறது. நம் வீட்டுப் பூனையும் அவ்வாறே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மருந்துச் சீசாவின் மேல் எழுதியிருப்பதை அது படிக்க இயலாது. படிக்க வல்லவர் நாமே; ஆதலின், படித்த பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும்.