உங்களுக்குத் தெரியுமா? கழிப்பறைக் கோப்பைக்குள் ஒரு தொழிற்புரட்சி

புதுமனைக்கு வந்தவர்களுக்குப் பூஜையறை, சமையலறை, மொட்டைமாடி எல்லாவற்றையும் ஆசையாகக் காட்டுவோம். கழிப்பறை வந்தால் மட்டும் "அது பாத்ரூம்" என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அங்கே இருக்கும் வெள்ளைக் கோப்பையை உருவாக்கக் கடிகாரக்காரர், தச்சர், பூட்டுக்காரர், குயவர், பொறியாளர் என்று பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் கதையில் சில துளிகள்.

1. கவிஞர் செய்த கோப்பை

தண்ணீர் பாய்ந்து கழுவும் கோப்பையை இங்கிலாந்தில் முதலில் வடிவமைத்தவர் ஒரு கவிஞர். பெயர் ஜான் ஹாரிங்டன், அரசி முதலாம் எலிசபெத்தின் ஞானப்பிள்ளை. பாத் நகருக்கு அருகே கெல்ஸ்டனில் இருந்த தன் வீட்டில் அதை அமைத்தார். 1596-இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஆனால் தண்ணீர் வரக் குழாயும் இல்லை, கழிவு போகச் சாக்கடையும் இல்லை. ஏறத்தாழ 180 ஆண்டுகள் அந்த யோசனை தூங்கிக் கிடந்தது.

2. கடிகாரக்காரரின் வளைவு

அதைத் தட்டி எழுப்பியவர் கடிகாரம் செய்பவர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கே கடிகாரம் செய்து கொடுத்தவர். 1775-இல் அவர் காப்புரிமை பெற்ற கோப்பையின் அடிக்குழாய் பாம்புபோல் வளைந்திருந்தது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். சாக்கடை நாற்றம் அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வர முடியாது. இன்று நம்மூர் பிளம்பர் "எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வி இந்தக் கடிகாரக்காரரிடம் தொடங்குகிறது.

3. காய்ந்தால் ஆபத்து

அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கும் ஒரே பூட்டு. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் நோய் தொற்றியது. குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வளைவுகள் தண்ணீரின்றிக் காய்ந்துபோனதும், அந்த வழியாகக் கிருமி மேலே ஏறியதும் முக்கியக் காரணங்கள் என்று விசாரணையில் தெரிந்தது. ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் குளியலறை நாறுகிறதா? பினாயிலைத் தேடும் முன் வடிகாலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பூட்டு மறுபடி விழுந்துவிடும்.

4. குளிரில் உறைந்த மூடி

கம்மிங்கின் கோப்பையில் ஒரு குறை. அடியிலிருந்த நகரும் மூடி குளிர்காலத்தில் உறைந்து இறுகிக்கொள்ளும். யார்க்ஷயரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் பிராமா, காலில் அடிபட்டதால் வயல் வேலையை விட்டுத் தச்சுத் தொழில் கற்றவர். லண்டன் வீடுகளில் கோப்பை பொருத்தும் வேலை செய்தபோது இந்தக் குறையைக் கண்ணால் பார்த்தார். நகரும் மூடியை எடுத்துவிட்டுக் கீல் வைத்த மூடியைப் போட்டார். 1778-இல் காப்புரிமை வாங்கி, சொந்தப் பட்டறையும் தொடங்கினார்.

5. பூட்டும் அவரே, பந்தயமும் அவரே

அதே பிராமா 1784-இல் ஒரு பூட்டுக்கும் காப்புரிமை பெற்றார். "இதைக் கள்ளத்தனமாகத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு" என்ற அறிவிப்போடு அந்தப் பூட்டு லண்டன் பிக்கடிலியில் இருந்த கடை ஜன்னலில் தொங்கியது. பிராமா 1814-இல் காலமானார். பூட்டு அசையவில்லை. 1851-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஏ.சி. ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் போராடி அதைத் திறந்தார். அறுபது ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு!

6. கேட்ட கூலி கிடைக்கவில்லை

பூட்டின் நுண்ணிய பாகங்களைக் கையால் அராவிச் செய்தால் விலை கட்டாது. அவற்றைச் செய்யும் இயந்திரங்களைச் செய்ய பிராமா ஓர் இளைஞரைப் பட்டறையில் சேர்த்தார். அவர்தான் ஹென்றி மாட்ஸ்லி. தலைமைத் தொழிலாளியாக உயர்ந்தும் வாரம் 30 ஷில்லிங்தான் சம்பளம். 1797-இல் உயர்த்திக் கேட்டார், பிராமா மறுத்தார். வெளியேறிய மாட்ஸ்லி, துல்லியமாகத் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கினார். போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்துக்கு அவர் செய்து கொடுத்த 45 இயந்திரங்கள் 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பல் கப்பிகளைச் செய்தன. 110 பேர் செய்த வேலைக்கு 10 பேர் போதும் என்றானது.

மாட்ஸ்லியிடம் தொழில் கற்றவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். ஊருக்கு ஒரு மரையாக இருந்த திருகுகளுக்கு 1841-இல் பொது அளவு வகுத்துக் கொடுத்தவர் அவர். கழிப்பறைக் கோப்பையில் தொடங்கிய ஒரு பட்டறைதான் நவீன இயந்திரத் தொழிலுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

7. பாலத்தையே தூக்கியது

1795-இல் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உருளையில் கொடுக்கும் அழுத்தம் பெரிய உருளையில் பல மடங்கு விசையாக எழும். 1849-இல் வேல்ஸின் மெனாய் நீரிணைமேல் பிரிட்டானியா ரயில் பாலத்தின் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்களை மேலே ஏற்றியது இந்த வகை இயந்திரம்தான். தெருவில் பள்ளம் தோண்டும் ஜேசிபியின் கை மடங்கி நீள்வதும் அதே தத்துவத்தில்தான்.

8. ஒரு பென்னி கொடுத்தவர்கள்

ஹாப்ஸ் பூட்டைத் திறந்த அதே 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பர் கட்டணக் கழிப்பறைகளை அமைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. பயன்படுத்தியவர்கள் 8,27,280 பேர் என்று கணக்கு. பலர் தண்ணீர் பாயும் கோப்பையைப் பார்த்ததே அங்கேதான். "ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்" என்று ஆங்கிலேயர் நாசூக்காகச் சொல்வது இந்தக் கட்டணப் பழக்கத்தின் மிச்சம்.

9. வசதி கொண்டுவந்த வாதை

கோப்பை பெருகியது, கழிவு போக வழி பெருகவில்லை. முன்பு குழியில் தேங்கி, ஆட்களால் அள்ளப்பட்டது இப்போது தண்ணீரோடு சேர்ந்து தேம்ஸ் நதிக்குப் போயிற்று. நகரம் குடித்ததும் அதே நதியைத்தான். காலரா அலை அலையாக வந்தது. 1858-இன் கோடையில் நாற்றம் தாங்காமல், நாடாளுமன்றத் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் தங்கள் மூக்கைத் தொட்ட பிறகுதான் உறுப்பினர்கள் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

10. 31 கோடிக்கும் மேல் செங்கல்

பணியை ஏற்றவர் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட். 132 கிலோமீட்டர் முதன்மைக் கால்வாய்கள், 31 கோடியே 80 லட்சம் செங்கற்கள். அப்போது அவ்வளவாக நம்பப்படாத போர்ட்லண்ட் சிமென்டை அவர் துணிந்து பயன்படுத்தினார். வந்து இறங்கும் சரக்கைச் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றார். பல கால்வாய்களின் குறுக்குவெட்டு கவிழ்த்த முட்டை போல, அடியில் ஒடுங்கியிருக்கும். தண்ணீர் குறைந்த நாளிலும் ஓட்டம் வேகமாக இருக்கும், கசடு படியாது.

11. ரஷ்ய மொழிக்குப் போன பெயர்

அதுவரை கோப்பையைச் சுற்றி மரப்பெட்டி இருக்கும். ஈரத்தில் ஊறி, அழுக்கு சேரும். இங்கிலாந்தின் பீங்கான் பூமியான ஹான்லியைச் சேர்ந்த தாமஸ் ட்வைஃபோர்ட், 1880-களில் முழுவதும் பீங்கானாலான, தன் காலிலேயே நிற்கும் கோப்பையைக் கொண்டுவந்தார். அதன் பெயர் 'யூனிடாஸ்'. இன்றும் ரஷ்ய மொழியில் கழிப்பறைக் கோப்பைக்குச் சொல் 'உனிதாஸ்'தான்.

12. கிராப்பர் கண்டுபிடிக்கவில்லை

பிளஷ் கழிப்பறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்று வினாடி வினாக்களில் அடிக்கடி வரும். தவறு. அவர் பிறந்ததே 1836-இல். ஆனால் மறைத்துப் பேசப்பட்ட பொருளைக் கடையில் வெளிப்படையாகக் காட்சிக்கு வைத்து விற்ற துணிச்சல்காரர் அவர்.

13. களிமண் கூழ் கோப்பையாவது எப்படி?

வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் களிமண் சுவராகப் படியும். உள்ளே மிஞ்சும் கூழை வடித்துவிடுவார்கள். உலர்த்தி, மேற்பூச்சு பூசி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். சூளையில் அது பச்சையாக இருந்ததைவிடச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து அச்சைப் பெரிதாகச் செய்வதுதான் தொழில் ரகசியம்.

14. கோப்பை, ஸ்பார்க் பிளக், சிப்

ஜப்பானில் நோரிடாகே பீங்கான் குழுமத்திலிருந்து 1917-இல் டோட்டோ என்ற கழிப்பறைப் பீங்கான் நிறுவனமும், 1919-இல் என்ஜிகே என்ற மின்காப்புப் பீங்கான் நிறுவனமும் பிறந்தன. பிந்தையதிலிருந்து 1936-இல் ஸ்பார்க் பிளக் நிறுவனம் பிரிந்தது. பைக்கில் இருக்கும் என்ஜிகே பிளக்கும் டோட்டோ கோப்பையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்! டோட்டோ இன்று கம்ப்யூட்டர் சிப் தயாரிப்பில் சிலிக்கான் தகட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பீங்கான் தட்டுகளையும் செய்கிறது.

15. ராணிப்பேட்டைப் பீங்கான்

சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி நிறுவனம், 1952-இல் ராணிப்பேட்டையில் கழிப்பறைப் பீங்கான் செய்யத் தொடங்கியது. அதுவே 'பாரிவேர்'. இப்போது அதன் உரிமையாளர் ஸ்பெயின் நாட்டு ரோகா. 1917-இல் தொடங்கிய ரோகா முதலில் செய்தது கோப்பை அல்ல. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்.

16. இரண்டு பொத்தான்

பிளஷ் டேங்கின்மேல் இருக்கும் சிறிய, பெரிய பொத்தான்கள் வறண்ட பூமியின் கொடை. 1980-இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. பெரிய பொத்தானுக்கு 11 லிட்டர், சிறியதற்கு 5.5 லிட்டர். இப்போது 6 லிட்டரும் 3 லிட்டரும் போதும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு அந்தச் சின்னப் பொத்தானின் அருமை புரியும்.

17. முடியாத வேலை

இத்தனை பேர் மூளையைக் கசக்கியதன் பலன், ஒருவர் கழிவை இன்னொருவர் கையால் அள்ள வேண்டியதில்லை என்பதாக இருந்திருக்க வேண்டும். நம் நாட்டில் மனிதர்கள் இன்னும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறார்கள். விஷவாயு தாக்கி இறக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் உயிரிழப்புக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. குழிக்குள் தானே இறங்கிச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' ரோபோவைக் கேரள இளைஞர்கள் 2018-இல் திருவனந்தபுரத்தில் களமிறக்கிக் காட்டினார்கள். சட்டமும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. அடுத்த முறை செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் "ஆள் இறக்காதீங்க, வண்டி கொண்டு வாங்க" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.