மயக்கமும் தலைச்சுற்றலும்: தாழ் இரத்த அழுத்தமுடைய முதியோரும் அவர்தம் சொல்லும்

முன்னுரை

சிங்கப்பூரின் வடகிழக்கில் அமைந்துள்ள பொங்கோல், இளங்குடும்பங்கள் மிகுந்த புதுநகரமாகும். அக்குடும்பங்களோடு தாத்தா பாட்டியரும் வாழ்கின்றனர். இங்குள்ள ஒயாசிஸ் டெரசஸ் கட்டடத்தில் 2017ஆம் ஆண்டு பலதுறை மருந்தகம் திறக்கப்பட்டது. தமிழில் மட்டுமே இயல்பாகப் பேசும் முதியவர் ஒருவர் அங்குச் சென்று, 'மயக்கமாக வருகிறது' என்று கூறுவாராயின், உடன் செல்லும் மகனோ பேத்தியோ அதனை மருத்துவருக்கு எவ்வாறு எடுத்துரைப்பது? இவ்வினாவைத் தாழ் இரத்த அழுத்தத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எழுந்து நிற்கும்போது நிகழ்வது

பொதுவாக இரத்த அழுத்தம் 90/60 என்னும் அளவிற்குக் கீழிறங்கினால் அது தாழ் அழுத்தம் எனப்படுகிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட இரத்தம் புவியீர்ப்பால் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை அறிந்து, இதயத்துடிப்பை விரைவுபடுத்தி இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. முதுமையிலும் நீண்டகால நீரிழிவிலும் இச்செயல் மந்தமாகிறது. எழுந்த 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 அளவு குறைவதை மருத்துவர் நோயாகக் கருதுவர். உயர் அழுத்தத்திற்கு மருந்து உண்பவருக்கும் எழும்போது அழுத்தம் தாழக்கூடும் என்பது கருதத்தக்கது. நீரிழப்பு, வெப்பம், தைப்பூசம் போன்ற காலங்களில் மேற்கொள்ளும் நோன்பு ஆகியனவும் இதனை மிகுவிக்கும்.

சொற்களின் வேறுபாடு

'மயக்கம்' என்றவுடன் தமிழாசிரியர்க்கு வேற்றுமை மயக்கமும் திணை மயக்கமும் நினைவிற்கு வரும். ஒன்றற்குரிய இடத்தில் பிறிதொன்று வருதலை அவை சுட்டும். முதியோர் வழக்கிலும் இச்சொல் பல பொருள்களை ஏற்று நிற்கிறது. அவற்றை நாம் நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, சுற்றியுள்ளவை சுழல்வதுபோல் தோன்றும் தலைச்சுற்றல். படுக்கையில் புரளும்போது தோன்றி ஒரு நிமிடத்திற்குள் அடங்குமாயின், உட்செவியில் நுண்படிகங்கள் இடம்பெயர்ந்தமை பெரும்பாலும் காரணமாகும். இரண்டாவது, எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருதல். தாழ் அழுத்தத்திற்கு உரிய அறிகுறி இதுவே. மூன்றாவது, தலை தெளிவாக இருக்கவும் நடை நிலைகொள்ளாத தள்ளாட்டம். கால் நரம்புகளின் உணர்வுக் குறைவும் பார்வைக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். நான்காவது, நினைவிழந்து விழுதல்.

இவையனைத்தையும் 'மயக்கம்' என்றோ 'பித்தம்' என்றோ கூறிவிடின், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கும் எளிய சோதனைகூட விடுபட நேரலாம். அதன் விளைவு, கழிவறையில் ஒரு வீழ்ச்சியும் இடுப்பெலும்பு முறிவுமாக முடியலாம்.

வாழும் முறை

விழித்தவுடன் எழாமல், கணுக்கால்களை அசைத்துப் படுக்கையின் விளிம்பில் ஓரிரு நிமிடம் அமர்ந்த பின்னரே எழுதல் வேண்டும். கண் இருட்டினால் உடனே அமர்தல் அல்லது படுத்தல் நன்று. போதிய நீர் அருந்துதல் துணைபுரியும். எனினும், இதய நோயும் சிறுநீரக நோயும் உடையோர் நீரின் அளவையும், அனைவரும் உப்பைக் கூட்டுவதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012இல் தொடங்கிய திட்டத்தின்வழி முதியோர் வீடுகளில் கைப்பிடிகளும் வழுக்காத கழிவறைத் தரையும் அமைத்துத் தரப்படுகின்றன. பேச்சுக் குழறல், ஒருபக்கச் செயலிழப்பு, நெஞ்சுவலி ஆகியன சேர்ந்து வரின் 995 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

முடிவுரை

பல வீடுகளில் முதியோரின் மொழிபெயர்ப்பாளராக விளங்குபவர் நம் வகுப்பறை மாணவரே. பொருள் வேறுபாடு கற்பிக்கும் பாடத்தில் சுற்றல், இருட்டல், தள்ளாடல், நினைவிழத்தல் ஆகிய நான்கு சொற்களையும் சேர்த்துக் கற்பிப்போமாயின், 'எப்போது வருகிறது? எழும்போதா, புரளும்போதா?' என்று பாட்டியிடம் கேட்டறிந்து, அதனைப் பிறழாது மருத்துவரிடம் கூறும் திறனை அவர் பெறுவர்.