ஓடவும் நிற்கவும் அவன் அருள்!

திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் காலை. கபாலீஸ்வரப் பெருமான் திருத்தேரில் எழுந்தருளி மாட வீதிகளில் வலம் வருகிறார். வடம் பிடிப்போரின் முழக்கமும், மேளமும், சங்கொலியும் கலந்து எழுகின்றன. கூடியிருப்போர் அனைவரின் கண்களும் மேலே, சுவாமியின் திருமுகத்தில் நிலைத்திருக்கின்றன. தேர்க்காலின் அருகே குனிந்தபடி, கையில் கனத்த மரக்கட்டையுடன் நடந்துவரும் சிலரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

அவர்களே முட்டுக்கட்டை போடுபவர்கள். தேர் வேகமெடுத்தால் கட்டையைச் சக்கரத்தின் முன்னே செருகுவர். வீதி மூலையில் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கட்டையால் தடுத்து, தேரின் முகத்தைத் திருப்புவர். ஒரு விநாடி முந்தினால் தேர் நின்றுவிடும். ஒரு விநாடி பிந்தினால் பேராபத்து. 'எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடாதே' என்று வீடுகளில் கடிந்துகொள்வது வழக்கம். தேரோட்டத்தில் அந்த முட்டுக்கட்டையே காவல். இழுக்க ஆயிரம் கைகள் உண்டு; நிறுத்தத் தெரிந்தவை சில கைகளே.

கட்டையுடன் காத்திருந்த கிளீனர்

இதே போன்ற கட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைகளில் வாழ்ந்த இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பழைய லாரிகளின் கிளீனர்கள். மேட்டில் ஏறும்போது பாரம் தாங்காமல் வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கினால், கிளீனர் கீழே குதித்துப் பின்சக்கரத்தின் அடியில் கட்டையைப் போடுவார். கட்டை இல்லையெனில் சாலையோரக் கருங்கல். ஓட்டுநரின் உயிரும், ஏற்றிய சரக்கும், பின்னால் வருவோரின் உயிரும் அந்தக் கட்டையை நம்பியிருந்தன.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. வடக்கே ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாட்டா பென்ஸ் லாரிகள் உருவாயின. தியாகராய நகரும் அடையாறும் வீடுகளால் நிறைந்த காலத்தில், அவற்றுக்கான செங்கல்லும் மணலும் மரமும் இத்தகைய லாரிகளிலேயே வந்திறங்கின. கொத்தவால் சாவடிக்கு இரவோடிரவாகக் காய்கறி வந்ததும் அப்படியே. திருமயிலைக் குடும்பங்கள் விடியற்காலையில் வாங்கிய கத்தரிக்காய்க்குப் பின்னால், உறங்காத ஓர் ஓட்டுநரின் கண்கள் இருந்தன.

அந்தத் தலைமுறை ஓட்டுநர்களின் நினைவுகளில் ஒன்று மட்டும் ஏறக்குறைய ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். சரக்கேற்றிய வண்டி மலைச்சரிவில் இறங்குகிறது. பிரேக் மிதியை அழுத்துகிறார்; எதிர்ப்பே இல்லாமல் அது தரை வரை செல்கிறது. மீண்டும் மீண்டும் மிதிக்கிறார், பயனில்லை. அடுத்த சில விநாடிகளில் அவர் செய்யக்கூடியவை மிகச் சில. கியரைக் குறைத்து எஞ்சினின் இழுவையால் வேகத்தைத் தடுக்கலாம், கைப்பிரேக்கை இழுக்கலாம், விடாமல் ஹாரன் அடித்து எதிரே வருவோரை விலக்கலாம். எதுவும் கைகொடுக்காவிட்டால், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உராய விடவேண்டும். எங்கே மோதுவது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அது. அப்போது வாயில் வந்தது குலதெய்வத்தின் பெயர் மட்டுமே என்பது அனுபவப்பட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல்.

மிதி ஏன் கைவிட்டது?

இது விதியின் விளையாட்டு மட்டுமன்று, காரணங்கள் உண்டு. பிரேக் என்பது உராய்வு. ஓடும் வண்டியின் வேகம் பிரேக் ட்ரம்மில் வெப்பமாக மாறுகிறது. நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம்மும் லைனிங்கும் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். எண்ணெயால் இயங்கும் பழைய பிரேக்குகளில் வேறோர் ஆபத்தும் இருந்தது. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வெப்பம் மிகுந்தால் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழியிடும். மிதித்த விசை குமிழியை அழுத்துவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்தைச் சேராது.

காற்றழுத்தப் பிரேக் வந்தபின் வேறொரு தவறு நிகழ்ந்தது. டீசலை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, வண்டியை நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் அது. பிரேக்குக்கான காற்றைச் சேர்த்துத் தரும் கருவியோ எஞ்சினால்தான் இயங்குகிறது. எஞ்சின் நின்றால் புதுக் காற்று இல்லை. மிதிக்க மிதிக்க இருப்பும் தீர்ந்துபோகும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்பெற்றதில் இப்பழக்கத்துக்கும் பங்குண்டு. 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது மூத்த ஓட்டுநர்கள் கிளீனருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். சில லிட்டர் டீசலுக்காக அந்தப் பாடம் மீறப்பட்டபோது, விலையாகப் போனவை உயிர்கள்.

அச்சு முறிந்த தலம்

புறப்படுமுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிச்செல்லும் வழக்கத்தை அனைவரும் அறிவர். இவ்வழக்கத்தை நினைவூட்டும் தலம் ஒன்று, சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. மேல்மருவத்தூருக்கு அடுத்துள்ள அச்சிறுபாக்கம் அது. திருஞானசம்பந்தப் பெருமானின் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் திருத்தலம்.

திரிபுரங்களை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குத் தேவர்கள் ஒரு தேர் அமைத்தனர். பூமியே தேர்த்தட்டு; சூரிய சந்திரர் சக்கரங்கள்; நான்கு வேதங்கள் குதிரைகள்; பிரமன் சாரதி. இத்தனையும் ஒழுங்காக அமைந்தன. முழுமுதற் கடவுளான விநாயகரை வணங்க மட்டும் மறந்துபோயினர். தேர் ஓரடி நகர்ந்ததும் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்று தலபுராணம் கூறுகிறது. அங்கே பெருமான் ஆட்சீஸ்வரராகவும், பிள்ளையார் அச்சுமுறி விநாயகராகவும் அருள்பாலிக்கின்றனர்.

இவ்வரலாற்றைப் பெரியோர் இருவகையாகக் காண்பர். தெய்வத்தை மறந்த முயற்சி நிறைவேறாது என்பது ஒன்று. எத்தனை பெரிய தேராயினும், புறப்படுமுன் ஒரு கணம் நின்று, விடுபட்டது எது என்று பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. வண்டியைச் சுற்றிவந்து கற்பூரம் காட்டும் ஓட்டுநர் டயரையும், ட்ரம்மையும், ஒழுகும் எண்ணெயையும் பார்த்துவிடுகிறார் அல்லவா? வலம் வருதலும் சோதனையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

காவல் தெய்வங்களின் வாசலில்

சென்னையில் புது வண்டி வாங்கியோர் பலர் முதலில் செல்லுமிடம், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் சன்னதி. இருசக்கர வாகனம் முதல் லாரி வரை அங்கே பூசைக்குக் காத்து நிற்கும். உடலைக் காப்பவர் என்று பெயருக்குப் பொருள் கொண்டு, ஓட்டுநர்கள் அவரிடம் தம்மை ஒப்படைக்கின்றனர். அடையாறுப் பக்கத்தவருக்கு, ஆனந்த விநாயகர் எழுந்தருளியுள்ள மத்திய கைலாசம் வாய்த்திருக்கிறது.

ஊர் தாண்டினாலும் இந்தத் துணை தொடர்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் ஏறுவோர், அடிவாரத்தில் பண்ணாரி மாரியம்மனை வணங்கிவிட்டே செல்வர். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், மேற்கூரையின்றி வெயிலையும் மழையையும் ஏற்று நிற்கிறார் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர். வெயிலிலும் மழையிலும் வாழும் ஓட்டுநர்களுக்கு அவர் நெருக்கமானவராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயுத பூசையன்று திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காயைச் சாலை நடுவே விட்டுச்செல்வதால் இருசக்கர வாகனத்தினர் சறுக்கி விழுவதும் உண்டு. ஒருவரின் பாதுகாப்புக்கான வழிபாடு பிறருக்கு இடராகலாகாது. உடைத்ததை ஓரமாக ஒதுக்குவதும் அந்தப் பூசையின் ஒரு பகுதியே.

கன்றின் முன் நின்ற தேர்

பிரேக் கைவிட்ட நினைவுகளில் தப்பியவை உண்டு, தப்பாதவையும் உண்டு. தாம் பிழைத்தும், எதிரே வந்தவர் பிழைக்கவில்லை என்ற பாரத்தைச் சுமப்போரும் இருக்கின்றனர். அத்தகையோரின் துயரை அறிய, திருவாரூருக்குச் செல்ல வேண்டும்.

மனுநீதிச் சோழனின் மைந்தன் தேரேறி வீதியில் வருகிறான். துள்ளிவந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு உயிர் துறக்கிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கண்டதும் கலங்கித் துடித்தான் என்று சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் காட்டுகிறார். ஆயினும் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, 'அறியாமல் நேர்ந்தது' என்ற விடை அதன் கண்ணீரை ஆற்றவில்லை. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். முடிவில் பெருமான் விடைமேல் தோன்றி, கன்றையும் மைந்தனையும், முன்னரே உயிர் நீத்த அமைச்சனையும் எழுப்பித் தந்தார்.

புராணத்தில் கன்று எழுந்தது. நெடுஞ்சாலையில் வீழ்ந்தவர் எழுவதில்லை. அதனால்தான் நல்ல ஓட்டுநர், நேர்ந்தபின் வருந்துவதைவிட, நேராமல் காப்பதையே தருமமாகக் கொள்கிறார்.

பாடியும் திருவாரூரும்

தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் திருவலிதாயமும் ஒன்று. இன்றைய பெயர் பாடி. குரு பகவான் வழிபட்ட தலம் என்று அன்பர்கள் அங்கே வியாழக்கிழமைகளில் திரளுவர். அதே பாடியில்தான் 1962-இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள், இந்நாட்டு வாகனங்களுக்கான பிரேக்குகளைச் செய்யலாயின.

பின்னாளில் காற்றழுத்தப் பிரேக்கில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. பழைய முறையில் காற்று தீர்ந்தால் பிரேக் இல்லை. புதிய முறையில், வலிய சுருள்வில் ஒன்றைக் காற்றே விலக்கிப் பிடித்திருக்கும். காற்று குறைந்தால் வில் விரிந்து சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பழுது நேர்ந்தால் ஓடாமல் நிற்கும்படி அமைத்தார்கள்.

தேர்களும் இம்மாற்றத்தைப் பெற்றன. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும், ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தித் தந்தது. ஆனாலும் முட்டுக்கட்டை மறையவில்லை. இன்றும் ஆழித்தேரின் ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டையுடன் காத்திருக்கிறார்கள் அதன் தொண்டர்கள். கருவி வந்தபின்னும் கவனத்துக்கு ஓய்வில்லை.

யாத்திரை புறப்படும் அன்பர்களுக்கு

வேன் அமர்த்தி நவக்கிரகத் தலங்களுக்கும், சபரிமலைக்கும், திருமலைக்கும் செல்லும் குடும்பங்கள் இன்று ஏராளம். திருமலையில் 1944-இல் முதல் மலைப்பாதையும், 1974-இல் இரண்டாம் பாதையும் அமைந்தன. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. இறங்கும் வாகனம் இத்தனை நிமிடங்களுக்கு முன் அடிவாரம் வந்தடையக் கூடாது என்று தேவஸ்தானம் நேரமும் வகுத்தது. வேங்கடவனைத் தரிசித்தவர் விரைவாக அன்று, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆகவே வண்டியில் ஏறும் பெரியவர்கள், பூசை முடிந்ததும் ஓட்டுநரிடம் சிலவற்றை அன்புடன் விசாரிக்கலாம். 'நேற்றிரவு நன்றாக உறங்கினீர்களா, தம்பி? பிரேக்கைப் பார்த்தாயிற்றா?' என்று கேட்பதில் தவறில்லை. மலையில் இறங்கும்போது, 'நடை சாத்துமுன் அடுத்த கோயிலுக்குப் போக வேண்டும்' என்று அவரை விரட்டாதிருப்பது பெரும் புண்ணியம். பிரேக் காய்ந்த வாடை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிடச் சொல்லலாம். ஒரு தரிசனம் தவறினால் மறுநாள் உண்டு.

அடுத்த பங்குனியில் கபாலீஸ்வரர் தேர் மாட வீதியில் திரும்பும்போது, சுவாமியைக் கண்குளிரக் கண்டபின் சற்றே கீழேயும் பார்க்கலாம். புழுதியில் குனிந்து, கட்டையுடன் சக்கரத்தையே பார்த்தபடி ஒருவர் இருப்பார். சுவாமியின் திருமுகத்தை நிமிர்ந்து பார்க்கவும் அவருக்கு நேரமிராது. அவருக்கும், இன்றிரவு எங்கோ ஒரு மலைச்சரிவில் கவனத்துடன் இறங்கிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்குமாகச் சேர்த்து ஒரு கணம் கைகூப்புவோமாக.