குறுந்தகட்டின் இரு முகங்கள்

குறுந்தகட்டைக் கையாள்வோர் பலரும் அதன் பளபளக்கும் அடிப்புறத்தையே உயிர்நிலையாகக் கருதுகின்றனர். அப்புறம் மேசையில் உரசிவிடும் என்று அஞ்சி, பெயர் எழுதிய மேற்புறத்தைக் கீழே கவிழ்த்து வைக்கின்றனர். தகட்டின் அமைப்பை அறிந்தோர் இவ்வாறு செய்யார்.

இத்தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். தடிமன் ஏறத்தாழ முழுவதும் பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் நெகிழியே. அதன் மேற்பரப்பில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுழன்று செல்லும் ஒரே பள்ளக்கோடு வார்க்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர்தான். அக்கோட்டைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டரைத் தாண்டும்! பள்ளத்தின்மீது கரிமச் சாயம் மென்படலமாகப் பூசப்படுகிறது. அதன்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளி அல்லது பொன் படலம். அதற்கும் மேல் ஒரு மெருகுப்பூச்சு.

ஆலையில் அச்சிடப்படும் பாடல் தகட்டில் குழிகள் நெகிழியிலேயே பதிந்திருக்கும். நாமே பதிவு செய்யும் தகட்டிலோ அத்தகைய குழிகள் இல்லை. 780 நானோமீட்டர் அலைநீள லேசர் கற்றை வலுவாகப் பாயும்போது, சூடேறிய சாயம் அவ்விடத்தில் சிதைகிறது. சிதைந்த புள்ளி முன்போல் ஒளியைத் திருப்பாது. படிக்கும்போது வலுக் குறைந்த லேசர் இவ்வேறுபாட்டையே உணர்கிறது. சிதைந்த சாயம் மீளாது. ஆதலின், எழுதிய இடத்தில் மீண்டும் எழுத இயலாது.

அடிப்புறக் கீறல் பெரும்பாலும் ஊறு செய்யாமைக்குக் காரணம் உண்டு. நெகிழிக்குள் நுழையுமிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான அகலமுடைய கற்றை, சாயத்தை அடையும்போது 2 மைக்ரோமீட்டருக்கும் கீழாகக் குவிகிறது. மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி, தொலைவில் உள்ளதைப் பார்ப்பவருக்குத் தெரியாததைப் போல, மேலோட்டமான கீறல் கற்றைக்குப் பொருட்டாவதில்லை. மேலும், தரவுகள் வரிசை மாற்றிக் கலந்து, ரீட்-சாலமன் பிழைதிருத்த முறையில் பதியப்படுகின்றன. தடத்தின் போக்கில் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் மறைந்தாலும் அவற்றை மீட்கலாம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவையே மறைக்கும். தடத்தோடு இணைந்து வளையும் கீறலே கொடியது. தகட்டை வட்டமாகத் துடைக்கலாகாது என்பது இதனாலேயே.

மேற்புறத்தின் நிலை வேறு. அங்கே உலோகப் படலத்திற்குக் காவல், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்களவே உள்ள பூச்சுதான். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய தாளை உரித்தாலோ படலம் பெயரக்கூடும். விளக்கிற்கு எதிரே பிடித்தால், பெயர்ந்த இடம் ஊசித்துளைபோல் ஒளிரும். அடிப்புறக் கீறலைத் தேய்த்து மெருகிடலாம், இதற்கு மருந்தில்லை. வேறு படியெடுக்காத திருமணக் காட்சியோ, மறைந்த பெரியவரின் குரலோ அவ்விடத்தில் பதிந்திருந்தால் அது போனதுதான்.

பின்னர் வந்த டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு தகடுகளுக்கு நடுவே தரவு அடைபட்டுள்ளது. மேற்புறக் கீறல் அதனை எளிதில் எட்டாது. புளூ-ரே தகட்டிலோ தரவு அடிப்புறத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே உள்ளது. எனவே, அதன் அடிப்புறத்திற்குக் கீறல் தாங்கும் கடினப்பூச்சு தேவைப்பட்டது.