பாலை நிலத்து வெள்ளரி

ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையோரமாக நீண்டு கிடப்பது நமீப் பாலைநிலம். கடலை அண்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 25 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. அத்தகைய மணற்பரப்பிலே மக்களுக்கு உணவளித்து நிற்பது நாரா என்னும் முட்புதர். வெள்ளரியும் பூசணியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமுமாகும்.

நாராவுக்கு இலைகள் இல்லை. பச்சைத் தண்டும் முள்ளுமே சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. வேரோ மணலை ஊடுருவி, நிலத்தடி நீரை நாடி மிக ஆழத்துக்குச் செல்கின்றது.

குயிசெப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் தோப்னார் மக்களுக்கு நாரா பன்னெடுங்கால உணவு. அதன் காய் கசப்பானது. உண்டால் வாய் எரியும். பழுத்ததும் அதுவே இனிக்கும். பழச்சதையை அவ்வாறே உண்பதோடு, அடுப்பிலேற்றிக் காய்ச்சி விதைகளைப் பிரித்தெடுப்பர்; எஞ்சிய கூழை மணலின்மீது ஊற்றி உலர்த்துவர். யாழ்ப்பாணத்துப் பனாட்டை நினைவூட்டும் அத்தட்டுகள் பல மாதங்கள் கெடாதிருக்கும். விதைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், புரதமும் மிகுதி. உலர்ந்த விதை விற்பனைக்கும் உதவுகின்றது.

எனினும், நாராவின் வாழ்வு ஆற்று வெள்ளத்தைச் சார்ந்தது. வெள்ளம் மணலில் ஊறினாலன்றி நிலத்தடி நீர் நிறையாது. 1960களின் தொடக்கத்தில், வால்விஸ் பே நகரை வெள்ளத்தினின்றும் காக்கக் கழிமுகத்தில் அணை எழுப்பப்பட்டது. வெள்ளம் வாராத கிளையிலே புதர்கள் நலிந்தன. நகரத்தின் குடிநீரும் அவ்வாற்றுப் படுகையிலிருந்தே இறைக்கப்படுகின்றது. நகரத்தின் தாகமும் நாராவின் தாகமும் ஒரே ஊற்றை நாடுகின்றன. அதனைப் பகிர்ந்தளிக்கும் முறையிலேதான் ஒரு மக்களின் உணவு தங்கியுள்ளது.